தொட்டில் ஒரு சாணா, ஒரு முழமா?

தக்கலை மைனி:
நேத்து இங்க ஒரு அண்ணாச்சி எழுதிப் போட்டிருக்காரு: "வீட்டுல ரெண்டு வயசுப் பிள்ளையும் கைக்குழந்தையும் இருந்தா சேலைத் தொட்டிலைத் தரையிலேருந்து ஒரு சாண் உயரத்துல கட்டுங்க. விழுந்தாலும் அடிபடாது." அதுக்கு கொள்ளாம் கொள்ளாம்னு ஒரு கூட்டம் வேற. ஒரு சாண்ல கட்டினா தொட்டில் விளிம்பு மூத்ததுக்க இடுப்பளவுதான் வரும். ஒரு காலைத் தூக்கி உள்ள போட்டா முடிஞ்சுது, சின்னதுக்க நெஞ்சுல ஏறி உக்காந்திரும். ஒரு முழமாவது வேணும். விளிம்பு நெஞ்சளவு நின்னா எட்டிப் பாக்கும், ஏறாது. இது தெரியாதவங்க எல்லாம் பாடம் எடுக்க வந்தாச்சு.

ஆசாரிவிளை:
அந்த அண்ணாச்சி நானாக்கும். பேரைச் சொல்லியே திட்டலாம், தப்பில்ல. மைனி சொல்லுத முழத்துல கட்டினா என்ன நடக்கும் தெரியுமா? ரெண்டு வயசுப் பிள்ளை எண்பது, எண்பத்தஞ்சு சென்டிமீட்டர் உயரம். குனிஞ்சு தொட்டிலுக்கு அடியில போவும். போயி சட்டுனு நிமிந்தா அதுக்க மண்டை சின்னதுக்க முதுகுல முட்டும், துணி ஒரு பக்கமா சரியும், குழந்தை தலைகுப்புற வெளிய. ஒரு சாண் இடைவெளியில எந்தப் பிள்ளையும் நுழையாது. ஒரு சாண்தான் கணக்கு.

புது அப்பன்:
ஒரு சந்தேகம். ஒரு சாண்ங்கது குழந்தை உள்ள கெடக்கும்போதா, வெறும் துணியிலயா?

தக்கலை மைனி:
நுழையாதாம்! படுத்து உருண்டு போவாதா? பந்து போனா அதுக்குப் பின்னால பிள்ளையும் போவும். முழம்தான்.

கடியபட்டணம் காத்து:
சாணும் முழமும் இருக்கட்டும் ஓய். முதல்ல முடிச்சைப் பாருங்க. பாலியஸ்டர் சேலையில கட்டுதவங்களைப் பாத்தா வயித்தைக் கலக்கு. வழுவழுன்னு இருக்கும், ஆட்டத்துல முடிச்சு கொஞ்சம் கொஞ்சமா நழுவும், வெளிய தெரியாது. துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன பருத்திச் சேலை வேணும், ஆனா இழை நைஞ்சிருக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சா நைஞ்ச இடம் சல்லடையாட்டு தெரியும். முதல் முடிச்சுல வலது முனையை இடதுக்கு மேல போட்டா, ரெண்டாவதுல இடதை வலதுக்கு மேல போடணும். ரெண்டையும் ஒரே பக்கமா போட்டா உருவிக்கிட்டு வந்திரும். ரெண்டு முனையிலயும் ஒரு கை நீளம் மிச்சம் விடணும், விட்டதைத் தொங்கவிடாம மேல சுத்திச் சொருவணும். தொங்குத முனை மூத்ததுக்கு விளையாட்டுச் சாமான். கழுத்துல சுத்திக்கிட்டுதுன்னா அவ்வளவுதான்.

ஆசாரிவிளை:
முடிச்சைப் பத்தி யாரு கேட்டா? வள்ளம் (படகு) கட்டுதவங்களுக்கு எல்லாமே முடிச்சுதான். உயரத்துக்கு வாரும். ஓட்டு வீட்டுல உத்திரம் எட்டடியில, அதாவது ஏறக்குறைய 240 சென்டிமீட்டர்ல இருக்கு. அஞ்சரை மீட்டர் சேலையை அது மேல போட்டு வளையமா கட்டினா, ஒரு சாண், 22 சென்டிமீட்டர் விட்டு அடிப்பக்கம் நிக்க ரெண்டு மடிக்கும் சேர்த்து 436 போவும். முடிச்சுக்கு ஒரு மீட்டருக்கு மேல மிச்சம். பத்தடி கான்கிரீட் வீட்டுல சேலை எட்டாது, கொக்கியிலேருந்து முதல்ல கயிறு இறக்கணும். அந்தக் கயிறை அளக்கத் தெரியாதவங்கதான் பாதி சேலையில நிப்பாட்டிட்டு முழம் முழம்னு சொல்லுதாங்க.

குலசேகரம் அம்மச்சி:
கொக்கின்னு சொன்னாரே, நல்லவேளை. காத்தாடி (ஃபேன்) மாட்டுத கொக்கியில தொட்டில் கட்டக் கூடாது மக்களே. காத்தாடி நேராத் தொங்கும், தொட்டில் பக்கவாட்டுல இழுக்கும். வீசி ஆட்டினா உள்ள இருக்க எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுவை கொக்கியில விழும். மூத்ததும் உள்ள ஏறினா கேக்கவே வேண்டாம். பன்னெண்டு கிலோ அது, அஞ்சு கிலோ இது. எஸ் கொக்கி போட்டா வாயை நெரிச்சு மூடணும். மூத்தது கீழ நின்னு தொட்டிலைத் தூக்கினா திறந்த வாய் வழியா வளையம் கழண்டிரும். கயிறு கொக்கியில உரசுத இடத்துல தேயும், அதனால துணியையும் கயிறையும் வாரம் ஒருக்க இடம் மாத்திப் போடணும். உயரம் ஒரு முழம் சரி.

ஆசாரிவிளை:
அம்மச்சி அவ்வளவும் சரியாச் சொல்லிட்டுக் கடைசியில ஏன் இப்பிடி? கொக்கி கழண்டா ஒரு சாண்லேருந்து விழுகது நல்லதா, ஒரு முழத்துலேருந்து விழுகது நல்லதா? நீங்களே சொல்லுங்க.

தக்கலை மைனி:
ஒழுங்கா கட்டினா ஏன் விழுது? விழும்னு கணக்குப் போட்டுத்தான் ஆசாரி தொட்டில் கட்டுதாரு போல.

வடசேரி செவிலி:
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. சாணா முழமான்னு சண்டை போடுதீங்க, குழந்தை எப்பிடிக் கெடக்குன்னு யாரும் கேக்கல. துணித்தொட்டில்ல குழந்தை வில்லு மாதிரி வளைஞ்சு கெடக்கும். கழுத்து உறைக்காத குழந்தைக்குத் தாடை நெஞ்சுல ஒட்டினா மூச்சுக்குழல் அடைபடும், சத்தமே வராது. ராத்திரித் தூக்கத்துக்குத் தொட்டில் வேண்டாம். சமதளமான உறைப்பான பாய் போதும், மல்லாக்கப் படுக்க வைக்கணும், தலையணை வேண்டாம். பகல்ல ஆட்டி உறங்க வச்சாலும் கண்ணு மூடினதும் எடுத்துப் படுக்கப் போட்டிரணும். அப்பிடியும் தொட்டில்தான்னு இருக்கவங்க குறுக்க ஒரு கம்பு கொடுத்துத் துணியை விரிச்சு வையுங்க. குழந்தை புரள ஆரம்பிச்சா, நாலஞ்சு மாசத்துல, தொட்டிலை அவுத்திரணும். அடியில ரப்பர் சீட்டு போடாதீங்க, வழுக்கும், சுருண்டு மூஞ்சில ஏறும்.

ஆசாரிவிளை:
சிஸ்டர் சொல்லுதது நல்ல விசயம். பாய் எந்த உயரத்துல இருக்கு? தரையில. அப்ப சிஸ்டரும் என் கட்சி. ஒரு சாண்.

வடசேரி செவிலி:
நான் உங்க கட்சி இல்ல.

புது அப்பன்:
நான் கேட்டதுக்கு யாராவது சொல்லுங்க. குழந்தையைப் போட்டா துணி நாலு விரல் இறங்குது. எதை வச்சு ஒரு சாண்?

கடியபட்டணம் காத்து:
ஒரு சாண்ல இன்னொரு பிரச்சனை. புது அப்பன் சொல்லுத மாதிரி துணி இறங்கினா ஒரு வாரத்துல தரை உரசும். உரசினா எறும்பு நேரா ஏறும். முழத்துல அந்தக் கவலையே இல்ல.

ஆசாரிவிளை:
எறும்பு எங்க பிறந்துதுன்னு தெரியாமப் பேசக் கூடாது. அது உத்திரத்துலேருந்து கயிறு வழியா இறங்கும். முழத்துல கட்டினாலும் இறங்கும், மூணு முழத்துல கட்டினாலும் இறங்கும். கயிறுல மண்ணெண்ணெய் தொட்ட துணியைச் சுத்தினா நின்னுபோவும்.

வடசேரி செவிலி:
கைக்குழந்தைக்க மூக்குக்கு மேல மண்ணெண்ணெயா? அந்த நெடி வேண்டவே வேண்டாம். பால் சிந்தின துணியை அன்னன்னைக்கு மாத்துங்க, எறும்பு பாதி குறையும்.

குலசேகரம் அம்மச்சி:
தொட்டிலைப் பிடிச்சு மூத்தது சுத்தும், அதை யாரும் சொல்லல. நாலு சுத்து சுத்தினா துணி முறுக்கேறி சின்னதுக்க முகத்தை மூடும், கழுத்தை இறுக்கும். ஆட்டத்தை விட முறுக்குதான் பயம். ஆட்டணும்னு ஆசைப்பட்டா பெரியவங்க கையைப் பிடிச்சு, உள்ளங்கையால விளிம்பைத் தள்ள மட்டும் பழக்கணும். நாம அடுக்களைக்குப் போனா பிள்ளையும் கூட வந்திரணும். சின்னதுக்குப் பால் கொடுக்க உக்காரும் முன்னாடி மூத்ததுக்கு அவிச்ச ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) நாலு துண்டு தட்டுல வச்சா அந்தக் கால்மணி நேரம் அடங்கும். முழுப்பழமா கொடுத்தா ரெண்டு கடியில விழுங்கிட்டு மடியில ஏறும். துவர்த்துத் துண்டு எடுத்துட்டு வா, பழந்துணியை வாளியில போடுன்னு வேலை கொடுங்க. தொட்டிலை இழுக்கது குறையும்.

தக்கலை மைனி:
ஏத்தம்பழம் எதுக்கு அம்மச்சி, மட்டி இருக்கும்போது? அவிக்கவே வேண்டாம், மெத்துன்னு இருக்கும்.

குலசேகரம் அம்மச்சி:
மட்டி சின்னப் பழம், வாய்க்குள்ள முழுசா தள்ளும். பிள்ளைக்குத் துண்டு போடத் தெரியாதவங்க எதைக் கொடுத்தாலும் ஒண்ணுதான்.

தக்கலை மைனி:
புவிசார் குறியீடு கிடைச்ச பழத்தைக் குறை சொல்ல விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆளுகளுக்கு மட்டும்தான் முடியும்.

கடியபட்டணம் காத்து:
மைனி, தக்கலையும் கல்குளம்தான்.

தக்கலை மைனி:
தெரியும். தாலுகா பாடம் யாரும் கேக்கல.

ஆசாரிவிளை:
பழச்சண்டை முடிஞ்சுதா? பழத்தை விடுங்க, பிறந்ததும் சேனை தொட, அதாவது நாக்குல முதல் இனிப்பு வைக்க, மார்த்தாண்டம் தேனைத் தொட்டு வச்ச ஊர் இது. அந்தப் பிள்ளைகளெல்லாம் ஒரு சாண் தொட்டில்லதான் வளந்துது.

வடசேரி செவிலி:
தேனுக்கும் தொட்டிலுக்கும் என்ன சம்பந்தம்? எடுத்தாச்சு, சொல்லிருதேன். ஒரு வயசு முடியாம தேன் ஒரு துளி கூடாது. தேன்ல ஒரு கிருமிக்க வித்து இருக்கும். பெரியவங்க குடல்ல அது முளைக்காது, கைக்குழந்தை குடல்ல முளைச்சு விசம் கக்கும். உடம்பு தளரும், பால் குடிக்கத் தெம்பு இருக்காது. முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம்.

ஆசாரிவிளை:
அது கலப்படத் தேன். சர்க்கரைப்பாகு ஊத்துத தேனுக்கு அப்பிடி வரும். ரப்பர் தோட்டத்துப் பெட்டியில எடுத்த தேனுக்கு ஒண்ணும் வராது.

வடசேரி செவிலி:
சுத்தமான தேன்லயும் அந்த வித்து இருக்கும் அண்ணாச்சி. காய்ச்சினாலும் சாவாது. பெட்டி எந்தத் தோட்டத்துல இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

கடியபட்டணம் காத்து:
தேன்ல பதில் இல்லன்னா திரும்ப ஒரு சாணுக்கு ஓடிருவாரு, பாருங்க.

ஆசாரிவிளை:
ஓடுததுக்கு நான் என்ன வள்ளமா? நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் ஒழுங்கா பதில் சொல்லல. முடிச்சு, கொக்கி, எறும்பு, மட்டி, தேன்னு சுத்தி வந்தாச்சு. மூத்தது அடியில போயி நிமிந்தா என்ன ஆவும்? அதைச் சொல்லுங்க மைனி.

தக்கலை மைனி:
ஒரு சாண்ல விளிம்பு இடுப்புக்கு வந்தா ஏறுமே, அதுக்கு நீரு முதல்ல பதில் சொல்லும்.

புது அப்பன்:
குழந்தை கெடக்கும்போதா, வெறும் துணியிலயா?

ஆசாரிவிளை:
தம்பி, பெரியவங்க பேசிட்டு இருக்கோம்லா. ஏறுதுன்னா தொட்டிலைச் சுவத்துலேருந்து தள்ளிக் கட்டணும். ரெண்டு பக்கமும் மூணடி விடணும். கட்டில்கால், நாற்காலி, பெட்டி ஒண்ணும் பக்கத்துல இருக்கப்பிடாது. ஏற ஊணுகோல் இல்லாம ஆடுத துணியில ரெண்டு வயசுப் பிள்ளை எப்பிடி ஏறும்? முழத்துல கட்டுதவங்க வீட்டுலதான் பிள்ளை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறும். ஒரு சாண்.

குலசேகரம் அம்மச்சி:
முக்காலியை எடுத்து உள்ள வைக்கணும்னு சொல்லுததுக்கு உமக்கு ஒரு சாண் வேண்டியிருக்கு.

தக்கலை மைனி:
முழம். இனி அந்த அண்ணாச்சி எழுதினதுக்கு நான் பதில் போடப் போறதில்ல.

ஆசாரிவிளை:
போடாட்டாலும் தொட்டில் ஒரு சாண்தான். சிஸ்டர், தேன் விசயம் இன்னும் முடியல கேட்டீங்களா, அதுக்குத் தனியா வாறேன்.