சர்வர் மாற்றியாச்சு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் பழைய சைட்டே வருகிறது. உதவி!

திருப்பூர்_நிட்:
அவசரமுங்க. கம்பெனி வெப்சைட்டை நேற்று புது சர்வருக்கு மாற்றினோம். ஃபோனில் புதுசு வருகிறது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழசே நிற்கிறது. சாயங்காலம் பையர் வருகிறார், இதில்தான் கேட்லாக் காட்ட வேண்டும். சைட் பெயருக்கு எந்த சர்வர் என்று ஞாபகம் வைத்திருக்குமே, இந்த டிஎன்எஸ் கேஷ், அது எத்தனை நேரம் இருக்கும்?

பவானி_கரை:
விண்டோஸா, லினக்ஸா? எந்த பிரவுசர்? ஃபோன் ஆபீஸ் வைஃபையிலா, சிம் டேட்டாவிலா?

கோபி_சிஸ்டம்ஸ்:
இது ஹோஸ்ட்ஸ் ஃபைல் வேலைதானுங்க, கம்ப்யூட்டருக்குள்ளேயே சைட் பெயருக்கு முகவரி எழுதிவைக்கிற ஃபைல். சைட் செய்து கொடுத்தவர் டெஸ்ட் பண்ண ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே விட்டிருப்பார். அதற்குக் காலாவதியே கிடையாது, நாமாக அழித்தால்தான் போகும்.

பெருந்துறை_நெட்:
தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் நல்லது, இங்கே பலமுறை பேசியாயிற்று. எத்தனை நேரம் என்பதை டொமைன் (சைட் பெயர்) பதிவிலுள்ள டிடிஎல், அதாவது டைம் டு லிவ் எண் சொல்லும். நொடிக்கணக்கு: 300 என்றால் ஐந்து நிமிடம், 86,400 என்றால் ஒரு நாள். விண்டோஸ் வழக்கமாக ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்காது. மாற்றுவதற்கு முந்தின நாளே அந்த எண்ணை இறக்கியிருக்க வேண்டும். இதெல்லாம் அரிச்சுவடி.

பொள்ளாச்சி_தென்னை:
உலகம் பூரா பரவ 48 மணி நேரம் ஆகும் என்று ஹோஸ்டிங்காரர்கள் சொல்கிறார்களே?

பெருந்துறை_நெட்:
எதுவும் எங்கும் பரவுவதில்லை. அங்கங்கே இருக்கும் பழைய நகல் காலாவதியாகிறது, அவ்வளவுதான். 48 மணி நேரம் என்பது கட்டுக்கதை.

பவானி_கரை:
முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாதுங்க. டாட் காம் டொமைனுக்கு நேம்சர்வரையே (அதன் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்றினால், மேலே இருக்கும் டாட் காம் சர்வர்கள் தரும் பதிவின் டிடிஎல் 1,72,800 நொடி. சரியாக இரண்டு நாள்.

பெருந்துறை_நெட்:
அவர் நேம்சர்வர் மாற்றியதாக எங்கே சொன்னார்?

பவானி_கரை:
மாற்றவில்லை என்றும் சொல்லவில்லையே.

திருப்பூர்_நிட்:
விண்டோஸ் 10, குரோம். ஃபோன் சிம் டேட்டா. சைட் பெயருக்கு சர்வரின் ஐபி முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டு மட்டும்தான் மாற்றினோம். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒன்றுமில்லை. கேஷை அழிக்கும் ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ் கமாண்ட் கொடுத்தும் பழசேதான்.

பவானி_கரை:
சரி, இப்போது என்எஸ்லுக்கப் போட்டுப் பாருங்க. அது விண்டோஸ் கேஷைத் தொடாது, டிஎன்எஸ் சர்வரை நேராகக் கேட்கும். அப்புறம் சைட்டை ஒருமுறை திறந்துவிட்டு ஐபிகான்ஃபிக் டிஸ்ப்ளேடிஎன்எஸ் கொடுங்க, கேஷில் இருப்பதைக் காட்டும். அதில் டைம் டு லிவ் எவ்வளவு?

திருப்பூர்_நிட்:
என்எஸ்லுக்கப்பிலும் பழைய ஐபி. டைம் டு லிவ் 41,387.

பவானி_கரை:
அப்படியென்றால் உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறில்லை. ஃப்ளஷ் பண்ணிய பிறகும் 86,400 மாதிரி முழு எண் வராமல் நடுவிலிருந்து எண்ணுகிறது பாருங்க, மேலே யாரோ பாதி நேரம் கடந்த நகலைத் தருகிறார்கள். ரவுட்டராக இருக்கும், இல்லையென்றால் இன்டர்நெட் கொடுப்பவரின் சர்வர். விட்டால் இன்னும் பதினொன்றரை மணி நேரம். ரவுட்டரை அணைத்துப் போடுங்க. மாறாவிட்டால் நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர்) என்று மாற்றி, மறுபடி ஃப்ளஷ் கொடுத்து, குரோமை மூடித் திறங்க. குரோம் தனியாகவும் கொஞ்ச நேரம் வைத்திருக்கும்.

கோபி_சிஸ்டம்ஸ்:
ஆன்டிவைரஸையும் ஒருதரம் நிறுத்திப் பாருங்க. எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

திருப்பூர்_நிட்:
ரவுட்டரில் மாறவில்லை. 8.8.8.8 போட்டதும் வந்துவிட்டது. பையர் வந்துட்டார், நன்றிங்ணா.

பவானி_கரை:
சந்தோஷமுங்க. பழைய சர்வரை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடாதீங்க. உங்களுக்கு நடந்தது வாடிக்கையாளர் பக்கமும் நடக்கும். அந்த ஒரு நாள் முடிகிற வரைக்கும் சிலர் பழைய ஐபிக்குத்தான் வருவார்கள். ஆர்டர் ஃபார்ம் ஏதாவது அதில் இருக்கிறதா?