ரெட்மண்டின் பாப்பி வயல்கள்: ஓவியமா, காலண்டர் படமா?

கரித்துண்டு:
கிரான்வில் ரெட்மண்ட் (1871–1935) எண்ணெய் வண்ணத்தில் வரைந்த கலிபோர்னியா வசந்தகாலப் பூவெளிகளை நேற்று வரிசையாகப் பார்த்தேன். முன்னால் ஆரஞ்சு பாப்பி, பக்கத்தில் ஊதா லூபின், பின்னால் குன்று, மேலே துளி வானம். ஒன்றைப் பார்த்தால் அழகு. இருபதைப் பார்த்தால் மளிகைக்கடைக் காலண்டர். தனக்குப் பிடித்தது அமைதியும் தனிமையும்தான், வாங்க வருபவர்களோ பாப்பியையே கேட்கிறார்கள் என்று அவரே அலுத்துக்கொண்டிருக்கிறார். வரைந்தவருக்கே மனமில்லாததை நாம் எதற்குத் தூக்கிவைத்து ஆடுகிறோம்?

மஞ்சள்சிட்டு:
கேட்டு வாங்கினால் மட்டமாகிவிடுமா? நான் ஞாயிற்றுக்கிழமை ஓவியன். போன மாதம் அவருடைய பூவெளி ஒன்றைப் பார்த்துப் போட்டேன். ஊதா காயுமுன் ஆரஞ்சை வைத்துத் தேய்த்தேன், இரண்டும் குழைந்து சேறாகிவிட்டது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பூ என்பது தடித்த ஒரு பொட்டு, அவ்வளவுதான். வைத்த கையோடு விட்டுவிட்டார், திரும்பத் தொடவில்லை. கிட்டே பெரிய பொட்டு, தள்ளிப் போகப்போகப் புள்ளி, குன்றடியில் வெறும் தீற்றல். தூரம் அதிலேயே வந்துவிடுகிறது. ஆரஞ்சும் ஊதாவும் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் வெயில் அப்படித் துடிக்கிறது. காலண்டர்காரருக்கு இது வருமா?

கரித்துண்டு:
தொழில் தெரிந்தவர், அதில் சண்டையே இல்லை. பாரிஸில் அகாதெமி ஜூலியன் என்ற ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆனால் 1895இல் பாரிஸ் சலோன் ஓவியக் கண்காட்சி ஏற்றுக்கொண்ட படம் எது? குளிர்காலக் காலை. பூவே கிடையாது. அப்புறம் அந்த நிலவொளிப் படங்கள்! எனக்கு ரெட்மண்ட் என்றால் அவைதான்.

தெருவிளக்கு:
இடையில் ஒரு தகவல். சிறு வயதில் வந்த காய்ச்சலில் செவித்திறனை இழந்தவர் இவர். சாப்ளின் தன் ஸ்டுடியோவிலேயே வரைய இடம் கொடுத்தார், நடிக்கவும் வைத்தார். ‘சிட்டி லைட்ஸ்’ தொடக்கத்தில் வரும் சிற்பி இவர்தான். ‘காது கேட்காதவர் வண்ணத்தைப் பேச வைத்தார்’ என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள், ப்ளீஸ்.

மஞ்சள்சிட்டு:
கரித்துண்டு, நிலவு எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்று. இந்த பாப்பி மேகம் போட்டாலே இதழைச் சுருட்டிக்கொள்ளும். பூவெளி வேண்டுமென்றால் பளீர் வெயிலில்தான் நிற்க வேண்டும், அவருக்குப் பிடித்த மங்கலுக்கு அங்கே இடமில்லை. சரி, அந்த வெயிலில் என்ன செய்தார்? நான் பார்த்த பூவெளிகளில் பெரும்பாலும் ஆளில்லை, வீடில்லை, வேலியில்லை. ஓக் மரத்தடியில் கொஞ்சம் நீல நிழல் மட்டும். ஆரஞ்சைக் கேட்டவர்களுக்கு ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு, கூடவே தன் தனிமையையும் கட்டி அனுப்பியிருக்கிறார் மனுஷன்.

கரித்துண்டு:
ம்... ஆளில்லாததை நான் கவனிக்கவில்லை. மறுபடி பார்க்கிறேன். இருந்தாலும் இருபதில் பதினைந்து எனக்குக் காலண்டர்தான். அது இருக்கட்டும், உங்கள் சேற்றுப் படத்தை எப்போது இங்கே போடப்போகிறீர்கள்?