மறு: 'கோல்ட் ஸ்டார்ட்' - குளிரா, ஆறலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இருபது மடல் தாண்டிவிட்டது, வியாழக்கிழமை பாடக்குறிப்பு அச்சுக்குப் போகிறது. டீசல் மெக்கானிக் பிரிவுப் பையன்களுக்கு, காலையில் கிளம்ப மறுக்கும் டீசல் காரில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி என்று நாலு பக்கம். நான் உங்களிடம் தமிழ்ச் சொல் கேட்டது இரண்டுக்கே இரண்டுக்குத்தான்: 'கோல்ட் ஸ்டார்ட்' (நின்று ஆறின எஞ்சினைக் கிளப்புவது), 'குளோ பிளக்' (அப்போது சிலிண்டருக்குள் சூடு கொடுக்கும் செருகி).

> குளிர்த்தொடக்கம் என்பதே நேரான சொல். இதில் என்ன தயக்கம்?

தயக்கம் இருக்கிறது ஐயா. கோயம்புத்தூரில் சித்திரை மாதம் விடிகாலையில் எங்கே குளிர்? ஆனாலும் ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் பத்துத் தடவை செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது, மத்தியானம் தொட்டதும் கிளம்பிவிடுகிறது. இங்கே 'கோல்ட்' என்பது ஊரின் குளிர் இல்லை, எஞ்சின் ஆறிப்போன நிலை. சோறு ஆறிப்போச்சு என்கிறோமே, அந்த ஆறல். 'குளிர்' என்று எழுதினால் பையன் இது ஊட்டிக்காரன் பிரச்சினை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவான். அதோடு, ராத்திரி நின்றபோது ஃபில்டர் பக்கம் எங்கோ காற்றுப் புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிட்டாலும் காலையில் இதே தொல்லைதான் வரும். அதற்கும் குளிருக்கும் சம்பந்தமே கிடையாது. தப்பான சொல், தப்பான இடத்தில் தேட வைக்கும். அதனால் 'ஆறல்' என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

'தொடக்கம்' என்றால் விழாத் தொடக்கம் போல இருக்கிறது, வண்டியைக் 'கிளப்பு' என்றுதானே சொல்கிறோம், 'ஆறல் கிளப்பு' என்று வைக்கலாம் என்று எழுதினேன். கிளப்பு என்றால் எங்கள் தாத்தா காலத்துக் காப்பி கிளப்பு நினைவுக்கு வருகிறது என்று சென்னை அம்மா எழுதியது நியாயம். அதைக் கைவிடுகிறேன், 'ஆறல் தொடக்கம்' என்றே இருக்கட்டும்.

> குளோ பிளக் = ஞெலிகோல். புறநானூற்றிலேயே இருக்க, புதிதாய் ஏன் ஆக்க வேண்டும்?

புலவர் ஐயா, 315ஆம் பாட்டை நீங்கள் எடுத்துக்காட்டியதும் உடனே போய்ப் படித்தேன். வீட்டுக் கூரை இறவாரத்தில் செருகி வைத்த தீக்கடைகோல் போல அதியமான் வெளியே தெரியாமலும் இருப்பான் என்கிறார் ஔவையார். சிலிண்டர் தலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் செருகியிருக்கும் பிளக்குக்கு இதைவிட அழகான உவமை கிடைக்காது, வகுப்பில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் ஞெலிகோல் கடைந்து தீ எடுப்பது. இங்கே கடைவது எதுவும் இல்லை, மின்சாரம் பாய்ந்து உள்ளே இருக்கும் கம்பி சூடாகிறது. தீயைப் பற்றவைப்பதும் அது இல்லை. டீசலில் காற்றை இறுக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், ஆறின எஞ்சினில் அந்தச் சூடு போதாதபோது பிளக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான். ஞெலி, நெளி, ஞெகிழி என்று அதற்கப்புறம் ஓடிய ஆறு மடல்களையும் சேமித்து வைத்திருக்கிறேன், அதைத் தனி இழையாகத் தொடருங்கள்.

குளோ பிளக்குக்கு 'ஒளிர்செருகி' என்ற சொல் வேண்டவே வேண்டாம். போன வாரம் ஒரு பழைய 12 வோல்ட் பிளக்கைக் கழற்றி, இடுக்கியில் பிடித்து, பேட்டரியில் கம்பி கொடுத்துக் காட்டினேன். சில நொடியில் நுனி சிவந்தது. பின்வரிசைப் பையன் "சார், அடுப்புக் கங்கு மாதிரி இருக்கு" என்றான். கங்கு என்றான் பாருங்கள், ஒளி என்று சொல்லவில்லை. வெளிச்சத்துக்காகவா அதை மாட்டியிருக்கிறது?

குன்னூர் நண்பர் தந்த 'கணப்புச் செருகி' எனக்கு மிகவும் பிடித்தது. கணப்புச் சட்டியில் (குளிர்காய மூட்டும் நெருப்புச் சட்டி) கை காய்ச்சியவருக்கு உடனே புரியும். சமவெளிப் பையன்களுக்குக் கணப்பையே முதலில் விளக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் தடை. பட்டறையில் எல்லோர் வாயிலும் இருப்பது 'ஹீட்டர் பிளக்'. அதற்குப் பக்கத்தில் 'சூட்டுச் செருகி' என்று போட்டால் விளக்கமே தேவையில்லை. ஒன்பது பேர் சரி என்றிருக்கிறீர்கள், பாதிப் பேர் சலித்துப்போய்ச் சொன்னது என்றும் தெரிகிறது. புலவர் ஐயாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன்.

குறிப்பில் இப்படி வருகிறது, படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

"ஆறல் தொடக்கத்தில் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் முதலில் பேட்டரியைப் பார். நன்றாகச் சுற்றியும் கிளம்பாமல் வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. சூட்டுச் செருகி, அதற்கு மின்சாரம் விடும் ரிலே, அப்புறம் கம்ப்ரஷன் என்ற வரிசையில் பார். செருகியை மல்டிமீட்டரில் வைத்தால் ஓரிரு ஓமுக்குள் காட்ட வேண்டும், ஒன்றுமே காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்திருக்கிறது. புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை, காற்றுப் பிடித்திருக்கிறதா பார்."

சிலிண்டருக்குள் காற்றை இறுக்கும் 'கம்ப்ரஷன்' மட்டும் தமிழாகாமல் அப்படியே நிற்கிறது. 'இறுக்கம்' என்று மாற்றினேன், நட்டு இறுக்கத்தோடு குழம்புகிறது என்று பையன்கள் சொன்னார்கள். 'அமுக்கம்' என்றால் வேறு பாடத்தில் அழுத்தத்துக்கு வந்துவிடுகிறது. புதன் ராத்திரிக்குள் யாராவது நல்ல சொல் தந்தால் மாற்றிவிடுகிறேன்.