கலைச்சொல்: வளைவில் வண்டி உதறுவதற்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டிஃபரன்ஷியல் கோளாறால் வளைவில் வண்டி உதறுவதற்கு, முந்தைய மடலில் ‘வகையீட்டு அதிர்வு’ என்று ஒரு பரிந்துரை வந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வகையீடு கணக்குப் பாடத்தில் நிலைத்துவிட்ட சொல். அதைவிடப் பெரிய சிக்கல் ‘அதிர்வு’. டயர் பேலன்ஸ் போனாலும் அதிர்வு, இன்ஜின் மவுண்ட் தளர்ந்தாலும் அதிர்வு. நமக்கு வேண்டியது ஒரே ஒரு கோளாறைச் சுட்டும் சொல்.

இதில் எங்கள் வீட்டிலேயே பணம் போயிருக்கிறது. சித்தப்பாவின் பழைய ஜீப்பில் பின் அச்சில், இரண்டு சக்கரத்துக்கும் இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்க, இருப்பது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். முக்கில் மெதுவாகத் திரும்பினால் பின்பக்கம் கடகடவென உதறும். ‘வைப்ரேஷன்’ என்று சொல்லி ஒரு பட்டறையில் விட்டோம். பின் அச்சுக்குப் போகும் தண்டின் மூட்டான யூஜே கிராஸை மாற்றிக் கொடுத்தார்கள். உதறல் அப்படியே இருந்தது. அப்புறம் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: “நேரா எடுக்கும்போதும் உதறுதா, ஒடிக்கும்போது மட்டுமா?”

ஒடிக்கும்போது மட்டும்தான். விஷயம் அங்கேயே பாதி முடிந்தது.

மாட்டுவண்டியில் இரண்டு சக்கரமும் இருசில் தனித்தனியாகச் சுற்றும், வளைவில் தொல்லை இல்லை. காரில் ஒரே இன்ஜின் இரண்டு சக்கரத்தையும் ஓட்டுகிறது. திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும். அந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் வீணாகச் சுற்றும். அதைத் தடுக்க, லிமிடெட் ஸ்லிப் வகையில் உள்ளே கிளட்ச் தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். வளைவில் இந்தத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போக வேண்டும். நகரத் தொடங்கும் முன் இருக்கும் நிலை உராய்வு, நகரும்போது இருக்கும் இயக்க உராய்வைவிட அதிகமாக இருந்தால் அப்படிப் போகாது. பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். உதறல் அதுதான். இந்த இரண்டு உராய்வுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கத்தான் கியர் ஆயிலில் ஒரு சேர்மம் கலக்கிறார்கள். அதை ‘உராய்வுச் சீராக்கி’ எனலாம். ஆயில் பழசாகிச் சீராக்கி செத்துப்போனாலும், தவறான ஆயில் ஊற்றினாலும் உதறல் தொடங்கிவிடும்.

அண்ணன் வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் பிளக்கைக் கழற்றினார். கருத்த ஆயில், தீய்ந்த வாடை. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒரு பூச்சு. விரலில் தேய்த்துப் பார்த்தார். இரும்புச் சிராய் எதுவும் தட்டவில்லை. “நல்லவேளை. துண்டு துண்டா வந்திருந்தா பிரிச்சிருக்கணும்” என்றார். கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றி, சீராக்கியையும் சொன்ன அளவுக்குச் சேர்த்தார். அளவு கூடினால் பிடிப்பே போய்விடும், சேற்றில் மாட்டினால் வண்டி ஏறாது. பிறகு நாகமலைப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் மெதுவாக எட்டுப் போடச் சொன்னார், லைசென்ஸுக்குப் போடுகிற அதே எட்டுதான். புது ஆயில் தகடுகளுக்கிடையில் ஊற அதுதான் வழி. ஏழெட்டுச் சுற்றில் உதறல் அடங்கியது. அடங்காமல் இருந்திருந்தால் தகடு தேய்ந்திருக்கும், பிரித்து மாற்றத்தான் வேண்டும்.

‘உதறுது’ என்பது பட்டறையில் ஏற்கெனவே புழங்கும் சொல். அதோடு காரணத்தையும் சேர்த்து ‘பற்றுதறல்’ என்று முன்வைக்கிறேன்.

*

அண்ணே, வணக்கம். உதறல் சரி. ஆனால் ‘பற்றுதறல்’ என்றதும் எனக்கு ஆசையைத் துறக்கிற துறவிதான் நினைவுக்கு வருகிறார். கடைக்காரருக்கோ பற்று வரவுக் கணக்கு நினைவுக்கு வரும். ‘பிடி’ வைத்துப் பார்க்கலாமா?

*

தம்பி, நீங்கள் சொல்வது சரி, எனக்கு அது தோன்றவில்லை. தகடு ‘பிடிக்குது’ என்றுதான் பட்டறையிலும் சொல்கிறார்கள். அப்படியானால் ‘பிடியுதறல்’. நாளைக்கே அந்த மெக்கானிக் அண்ணனிடம் விளக்கம் எதுவும் கொடுக்காமல் இந்தச் சொல்லை மட்டும் சொல்கிறேன். எந்தக் கோளாறு என்று அவரே சொல்லிவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.