அலாரம் மாட்டின பிறகு பேட்டரி இறங்குது, ரெண்டு பக்க இண்டிகேட்டரும் எரியுது: நானே சரி பண்ணலாமா, ஷோரூமுக்குப் போகணுமா?

ஏற்காடு125
வண்டி 2018 மாடல், 125 சிசி, கார்புரேட்டர். செல்ஃபும் உண்டு, கிக்கரும் உண்டு. பேட்டரி 12 வோல்ட், 5 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியோட கொள்ளளவு). ஆன்லைனில் வாங்கின சாதா ரிமோட் அலாரத்தை நானே மாட்டியிருக்கேன். லாக், அன்லாக், சைரன் எல்லாம் சரி. ஆனா இடது இண்டிகேட்டர் போட்டா வலதும் சேர்ந்து எரியுது. லாக் பண்ணி ரெண்டு நாள் நிறுத்தினா செல்ஃப் "டக்"னு சத்தம் மட்டும் போடுது. ராத்திரி காத்தடிச்சா சைரன் தானா கத்துது. வண்டி மேலே ஏற்காட்டில் சரிவில், கவர் போட்டு நிக்கும்.

அலாரத்தோட இண்டிகேட்டர் வயர் ஒண்ணுதான், அதை ரெண்டா பிரிச்சு இரு பக்கமும் கொடுத்திருக்கேன். செல்ஃப் கட்டுக்கு (லாக்ல செல்ஃப் வேலை செய்யாம இருக்க) 5 பின் ரிலே, அதாவது கரண்ட்ல இயங்குற சுவிட்ச் (85, 86 காயில் முனைகள்; காயில் இயங்காதப்போ 30 பின் 87ஏ-வோட சேர்ந்திருக்கும், இயங்கினா 87-க்கு மாறும்): 86 நேரா பேட்டரி பிளஸ்ல, 85 அலாரத்தோட வயர்ல (லாக் ஆனதும் எர்த் தருது), 30-ம் 87ஏ-வும் செல்ஃப் பட்டன் வயர்ல. இதைப் பிரிச்சுப் பார்க்கலாமா, இல்ல அப்படியே ஷோரூம்ல விட்டுடட்டுமா?

வயரிங்சேலம்
கார்புரேட்டர் வண்டிதானே, நீங்களே முடிக்கலாம் தம்பி. மூணும் தனித்தனி காரணம்.

இண்டிகேட்டர்: ஒரே வயரை நேரா ரெண்டு பக்கமும் இணைச்சதால இடதுக்கு வர்ற கரண்ட் அந்த முடிச்சு வழியா வலதுக்கும் போகுது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு டயோடு (கரண்டை ஒரே திசையில மட்டும் விடுறது) வேணும், வெள்ளிக் கோடு இருக்கிற முனை பல்பு பக்கம். எல்லாரும் 1என்4007 சொல்லுவாங்க. அது 1 ஆம்பியர்தான் தாங்கும். உங்களுக்கு ஒரு பக்கம் 10 வாட் பல்பு ரெண்டு, கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர். 3 ஆம்பியர் தாங்குற 1என்5408 ரெண்டு வாங்குங்க. எல்இடி இண்டிகேட்டரா இருந்தா சின்னதே போதும்.

பேட்டரி: 86-ஐ நேரா பேட்டரியில கொடுத்ததுதான் என் சந்தேகம். லாக்ல இருக்கிற நேரம் முழுக்க ரிலே காயில் கரண்ட் குடிச்சுக்கிட்டே இருக்கும். அளந்து சொல்லுங்க. சாவி ஆஃப், பேட்டரி மைனஸைக் கழட்டி, மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகி இடையில வைங்க. லாக் பண்ணும்போது சைரனும் விளக்கும் ஒரு தடவை இழுக்கும். மில்லி ஆம்பியர் ரேஞ்சில வச்சிருந்தா மீட்டர் ஃபியூஸ் போயிடும். அடங்கினதும் படிங்க. ரேஞ்ச் மாத்தணும்னா முதல்ல ஒரு துண்டு வயரால மைனஸை பேட்டரியோட தொட்டு வச்சுக்கிட்டு மாத்துங்க, இல்லைன்னா பவர் விட்டு வந்து அலாரம் மறுபடி கத்தும். மீட்டர் இருக்கிறப்போ சாவியும் செல்ஃபும் தொடக் கூடாது.

ஏற்காடு125
அளந்தேன் அண்ணா. அன்லாக்ல 5 மில்லி ஆம்பியர், லாக்ல 141.

வயரிங்சேலம்
அப்போ ரிலேதான். 141 மில்லி ஆம்பியர்னா ஒரு நாளைக்கு 3.4 ஏஎச். உங்க 5 ஏஎச் பேட்டரி ரெண்டு நாள் தாங்காது. 86-ஐ பேட்டரியில இருந்து எடுத்து, சாவி ஆன் பண்ணினா மட்டும் 12 வோல்ட் வர்ற வயர்ல கொடுங்க. திருடன் சாவித் துளையைத் திருகினாத்தான் காயில் வேலை செய்யும், செல்ஃப் கட் ஆகும். நிறுத்தி வச்சிருக்கும்போது கரண்ட் இழுக்காது. எந்த வயர்னு கலரை நம்பாதீங்க, சாவியை ஆன் ஆஃப் பண்ணி மீட்டர்ல பாருங்க. அலாரத்தோட சிவப்பு வயர்ல பேட்டரி பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கணும். எர்த்தை பெயின்ட் அடிச்ச போல்ட்ல கட்டாதீங்க, நேரா பேட்டரி மைனஸ். முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட் எல்லாத்தையும் சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்கி இறுகுற குழாய்) போடுங்க. மேலே மூடுபனியில டேப் ஒட்டு விட்டுடும்.

குரங்குச்சாவடி
வயரிங்சேலம் சார், கிக்கர் இருக்கிற வண்டியில செல்ஃப் கட் மட்டும் வச்சு என்ன பிரயோஜனம்? உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிடுவான். இக்னிஷனையும் கட் பண்ணணும். சிடிஐ-ங்கறது ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தர்ற பெட்டி. டிசி சிடிஐனா சிடிஐ-க்கு வர்ற பிளஸ் வயரை 30, 87ஏ வழியா விட்டாப் போதும். பழைய ஏசி சிடிஐனா வேலை தலைகீழ்: கில் வயரை எர்த் பண்ணினாத்தான் எஞ்சின் நிக்கும், அங்கே 87 பின்.

வயரிங்சேலம்
நீங்க சொல்றது சரிதான், கிக்கரைத் தடுக்க அது ஒண்ணுதான் வழி. ஆனா இவர் வண்டி மலையில ஓடுது. இந்த மாதிரி கிட் பலதுல ஓடும்போதே ரிமோட்டை அழுத்தினா எஞ்சினை நிறுத்துற வசதி இருக்கு, வழிப்பறியைத் தடுக்க. பாக்கெட்டில அந்தப் பட்டன் அழுந்தினா? 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோடு அது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியில ஹெட்லைட்டுக்கு சுவிட்ச் கிடையாது, எஞ்சின் ஓடினா எரியும். எஞ்சின் நின்னு கிளட்சும் பிடிச்சா சின்ன வண்டி பலதுல லைட்டும் போயிடும். பனியில, வளைவுல அது நடக்கக் கூடாது.

அதனால ஏற்காடு125, கிட்டோட தாள்ல அந்த வசதியை அணைக்க வழி இருக்கான்னு பாருங்க. அணைச்சு, வண்டியை சென்டர் ஸ்டாண்ட்ல வச்சு எஞ்சின் ஓடும்போது எல்லா பட்டனையும் அழுத்தி சோதிங்க. ஒண்ணுக்கும் எஞ்சின் நிக்கலைன்னா மட்டும் இக்னிஷன் ரிலே போடுங்க. அணைக்க முடியாத கிட்டா இருந்தா செல்ஃப் கட்டோட நிறுத்தி, ஹேண்டில் லாக்கும் டிஸ்க் லாக்கும் போடுங்க. 87ஏ வச்சு கட்டினா ரிலே காயில் செத்தாலும் எஞ்சின் ஓடும், அந்த முறையை மாத்தவே மாத்தாதீங்க.

குரங்குச்சாவடி
அந்தச் சோதனை கட்டாயம், ஒத்துக்கிறேன். தானா கத்துறதுக்கு: அலாரப் பெட்டியை ஃப்ரேம்ல ஸ்குரூ பண்ணியிருந்தா கழட்டி, கீழே அரை இன்ச் ஃபோம் வச்சு பிளாஸ்டிக் டேக்கால கட்டுங்க. வயர் நுழையுற வாய் கீழ் பார்த்து இருக்கட்டும், வயர் ஒரு வளைவு தொங்கி மேலே ஏறட்டும். தண்ணி அங்கேயே சொட்டிடும். கவர் தளர்வா இருந்தா காத்துல படபடன்னு டேங்க்கை அடிக்கும், அதுவே அதிர்வு சென்சாருக்குப் போதும். கயிறு போட்டு இறுக்குங்க. அப்புறம் சென்சிட்டிவிட்டியைக் குறைச்சு, சீட்டை உள்ளங்கையால தட்டினா கத்தாம, ஸ்டாண்டை எடுத்தா கத்துற அளவுல நிறுத்துங்க. சேலத்துல அஞ்சு ரோடு பக்கம் பஸ் போற இடத்துல வச்சு அட்ஜஸ்ட் பண்ணினது மேலே பொருந்தாது, நிறுத்துற இடத்திலேயே பண்ணுங்க.

ஏற்காடு125
86-ஐ மாத்திட்டேன், டயோடும் போட்டாச்சு. லாக்ல இப்போ 6 மில்லி ஆம்பியர்தான். இண்டிகேட்டர் சரியாயிடுச்சு. ஓடும்போது கட் ஆகுற வசதியை இந்தக் கிட்ல அணைக்க முடியலை, அதனால இக்னிஷன் ரிலே போடலை. ரெண்டு ரிமோட்ல ஒண்ணு தொலைஞ்சா என்ன பண்றது? அக்காவோட பிஎஸ் 6 ஸ்கூட்டர்லயும் இதே கிட்டை மாட்டலாமா? அது ஸ்மார்ட் கீ.

வயரிங்சேலம்
6 மில்லி ஆம்பியர்னா பத்து நாளைக்கு ஒன்றரை ஏஎச்-க்கும் கீழே, கவலை இல்லை. ரிமோட் தொலைஞ்சா புதுசு சேர்த்தா மட்டும் போதாது, பழையது ஞாபகத்துல அப்படியே இருக்கும். முதல்ல மொத்தத்தையும் அழிங்க: பெரும்பாலான பெட்டியில லேர்ன் பட்டனை விளக்கு அணையுற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும். அப்புறம் கையில இருக்கிற ரிமோட்களை ஒவ்வொண்ணா சேருங்க.

அக்கா ஸ்கூட்டரைத் தொடாதீங்க. அதுல இம்மொபிலைசர் (பதிவான சாவி இல்லாம எஞ்சினை ஸ்டார்ட் ஆக விடாதது) ஏற்கனவே இருக்கு. புது சாவியைப் பதிவு பண்ண கம்பெனி ஸ்கேன் கருவி வேணும், அது ஷோரூம் வேலை. கம்பெனி வயர்ல ஊசி குத்தி அலாரத்துக்கு இணைப்பு எடுத்தா எலக்ட்ரிக்கல் வாரண்டிக்கும் தகராறு வரும். சைரன் மட்டும் வேணும்னா கம்பெனி ஆக்சஸரியில கப்ளரோட (வயரை வெட்டாம சொருகுற இணைப்பு) வர்றது அந்த மாடலுக்கு இருக்கான்னு கேளுங்க, மாட்டின பில்லை வாங்கி வச்சுக்கோங்க.