தேங்காய் எண்ணெயைக் குடிச்சா தோலுக்கு நல்லதா? எல்டிஎல் ஏறிடுச்சே!

கீற்று:
தோல் வறட்சிக்காக சில மாசமா காலையில வெறும் வயித்துல ரெண்டு டேபிள்ஸ்பூன் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் குடிக்கிறேன். கெண்டைக்கால்ல மீன் செதில் மாதிரி பொரிஞ்சு, நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும். இப்போ அது கொஞ்சம் அடங்கியிருக்கு. ஆனா ரத்தப் பரிசோதனையில எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 128-லிருந்து 161-க்குப் போயிடுச்சு. டாக்டர் எண்ணெயை உடனே நிறுத்தச் சொல்றார். வீட்டுல "அது மருந்து, நிறுத்தாதே"ன்னு ஒரே பேச்சு. தேங்காய் சாப்பிடுறதால தோலுக்கு நிஜமாவே பலன் உண்டா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முற்றம்:
நிறுத்தாதீங்கம்மா. தேங்காய் எண்ணெயில பாதி லாரிக் அமிலம். தாய்ப்பால்லயும் அது இருக்கு. கிருமியைக் கொல்லும். மத்த கொழுப்பு மாதிரி உடம்புல தங்காது, நேரா கல்லீரலுக்குப் போய் எரிஞ்சிடும். எல்டிஎல் ஏறினா கூடவே நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற எச்டிஎல்லும் ஏறியிருக்குமே, அதை டாக்டர் சொன்னாரா? உங்க தோலே சாட்சி சொல்லுது, இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்?

சோதனைக்குழாய்:
முற்றம் அண்ணே, ஒவ்வொண்ணா வருவோம்.

"நேரா கல்லீரலுக்குப் போய் எரிஞ்சிடும்"ங்கிற பேச்சு எம்சிடி எண்ணெயை (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு மட்டும் இருக்கிற எண்ணெய்) வச்சு நடந்த ஆய்வுகள்லேருந்து வந்தது. அந்த எண்ணெய்ல இருக்கிறது 8 கார்பன், 10 கார்பன் கொழுப்பு அமிலங்கள். சாதாரண தேங்காய் எண்ணெயில அந்த ரெண்டும் சேர்ந்தாலும் 15 சதவீதத்தைத் தாண்டாது. லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன். நடுத்தரச் சங்கிலின்னு ஏட்டுல எழுதுறாங்களே தவிர, குடல்ல அதுல பெரும்பகுதி நீளச் சங்கிலிக் கொழுப்பு போற வழியிலதான் போகுது, கைலோமைக்ரான்ங்கிற கொழுப்புத் துகள்ல ஏறி ரத்தத்துக்கு வருது. எம்சிடி-க்குக் கிடைச்ச நல்ல பேரைத் தேங்காய் எண்ணெய் பாட்டில்ல ஒட்டி விக்கிறாங்க, அவ்வளவுதான்.

அடுத்து கிருமி. லாரிக் அமிலம் பருக்கிருமியைக் கொல்றது உண்மை, ஆய்வுக்கூடத் தட்டுல. நீங்க குடிச்ச எண்ணெய் குடல்ல உடைஞ்சு, மறுபடி கொழுப்பாச் சேர்ந்து, பாதி எரிஞ்சு, பாதி சேமிப்பாப் போகுது. அது லாரிக் அமிலமாவே கன்னத்துல வந்து நிக்காது. தோல் மேல கசியற சீபம்ங்கிற எண்ணெய்ப் பசையைத் தோல்ல இருக்கிற சுரப்பிகளேதான் தயாரிக்குது.

தோலுக்கு நல்லதுன்னு சொல்ல ஆதாரம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. 2014-ல வந்த ஒரு ஆய்வு: எக்ஸிமா (அரிப்போட வர்ற தோல் அழற்சி) இருக்கிற 117 குழந்தைகள், 8 வாரம், ஒரு பிரிவுக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெய், இன்னொண்ணுக்கு மினரல் ஆயில். நோயின் தீவிர மதிப்பெண் முதல் பிரிவுல 68 சதவீதம் குறைஞ்சது, ரெண்டாவதுல 38. அருமையான முடிவு. ஆனா ரெண்டு பிரிவுமே தடவினாங்க. யாரும் குடிக்கல. வண்டி அச்சு கிறீச்சிடுதுன்னா மசகை அச்சுல போடணும், மாட்டு வாயில ஊத்தி என்ன பிரயோசனம்?

முற்றம்:
மாடு, வண்டின்னு பேசினா ஆதாரம் ஆயிடுமா தம்பி? பசிபிக் தீவுக்காரங்களைப் பாருங்க. டோக்கெலாவ்ல சாப்பாட்டு சக்தியில 63 சதவீதம் தேங்காய்லேருந்தே வந்துச்சு. புகாபுகாவுல 34. 1981-ல வெளியான ஆய்வு. ரெண்டு இடத்துலயும் இதய ரத்தக்குழாய் நோய் அபூர்வம்னு ஆய்வாளர்களே எழுதியிருக்காங்க. உங்க கணக்குப்படி அவங்க எல்லாரும் நாப்பது வயசுல போயிருக்கணுமே!

சோதனைக்குழாய்:
அதே ஆய்வுல அடுத்த வரியையும் படிங்க. தேங்காய் அதிகம் சாப்பிட்ட டோக்கெலாவ் மக்களுக்குக் கொலஸ்ட்ரால் புகாபுகா மக்களை விட 35 முதல் 40 மில்லிகிராம் அதிகம். தேங்காய்க் கொழுப்பு கொலஸ்ட்ராலை ஏத்தும்னுதான் அந்த ஆய்வும் காட்டுது.

அப்புறம் ஏன் நோய் இல்லைன்னு கேப்பீங்க. அவங்க சாப்பிட்டது முழுத் தேங்காய், நாரோட. கூட மீன். சர்க்கரை ரொம்பக் கம்மி. உடம்பு நாள் பூரா உழைச்சுது. இந்தத் தட்டுலேருந்து எண்ணெயை மட்டும் வடிச்சு எடுத்து, நாற்காலியில உக்காந்து வேலை பார்க்கிற ஒருத்தர் ஸ்பூன்ல குடிச்சா அதே பலன் வரும்னு எப்படிச் சொல்றீங்க?

கணக்குப்புலி:
சண்டைக்கு நடுவுல ஒரு கூட்டல் கழித்தல்.

1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் = சுமார் 14 கிராம், 120 கலோரி. அதுல நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட 12 கிராம்.
கீற்று குடிக்கிறது 2. அதாவது 23, 24 கிராம்.
உலக சுகாதார நிறுவனம் சொல்ற உச்சவரம்பு மொத்த சக்தியில 10 சதவீதம். 2000 கலோரிக்கு 22 கிராம்.

பல் துலக்கின கையோட அன்னிக்கான கோட்டா காலி. அதுக்கப்புறம் சாப்பிடுற பால், முட்டை, வறுவல் எல்லாம் போனஸ். எல்டிஎல் குறைக்க வேண்டியவங்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் 6 சதவீதத்துக்குள்ளன்னு சொல்லுது. அது சுமார் 13 கிராம்.

நிலாத்துண்டு:
என் அனுபவம் வேற. எனக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் தாடையோரம் சீழ்ப்பரு. பசும்பாலை விட்டுட்டு தேங்காய்ப்பாலுக்கு மாறினேன். பரு பாதிக்கு மேல அடங்கிடுச்சு. சாப்பிட்டா தோலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

சோதனைக்குழாய்:
நிலா, நீங்க சேர்த்ததை மட்டும் சொல்றீங்க, விட்டதைப் பாருங்க. பருவோட தொடர்பு காட்டுற உணவுகள்ல ஓரளவு ஆதாரம் இருக்கிறது ரெண்டுக்கு: ரத்தச் சர்க்கரையைச் சடார்னு ஏத்துற உணவு, பால். நீங்க பாலை நிறுத்தினீங்க. பெருமை தேங்காய்க்குப் போயிடுச்சு.

நிலாத்துண்டு:
சரி, அப்படியே இருக்கட்டும். தேங்காய்ப்பால் குடிச்சும் பரு ஏறலையே? தடவினா துளை அடைக்கும், 5-க்கு 4 மார்க்னு எல்லா அழகுப் பக்கத்துலயும் பயமுறுத்துறாங்க. நான் குடிச்சேன், ஒண்ணும் அடைக்கலை.

சோதனைக்குழாய்:
அந்த 4 மார்க் தடவுறதுக்கான மார்க். அதுவும் பெரும்பாலும் முயல் காதுல பூசிப் பார்த்து வந்த பழைய கணக்கு. மனுஷ முகத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனா பரு வர்ற எண்ணெய்ச் சருமத்துல தடவ வேண்டாம்னு தோல் மருத்துவர்கள் சொல்றதுல நியாயம் இருக்கு. குடிக்கிறதுக்கு அந்த மார்க்கோட சம்பந்தமே இல்லை. பாருங்க, திட்டுறவங்களும் தடவறதையும் குடிக்கிறதையும் குழப்பிக்கிறாங்க.

ஒரு விஷயம், நீங்க குடிக்கிறது டப்பாவுல வர்ற தேங்காய் பானமா, கெட்டிப் பாலா? டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் பாருங்க. பானம்னா முதல்ல தண்ணி, அப்புறம் கொஞ்சம் தேங்காய், பசை, சில சமயம் சர்க்கரை. புரதம் அனேகமா சைபர். கால்சியம் தனியாச் சேர்த்திருந்தா உண்டு, இல்லேன்னா இல்லை. பசும்பாலுக்குப் பதிலா நினைச்சு வருஷக்கணக்கா ஓட்டினா புரதத்துக்கும் கால்சியத்துக்கும் வேற வழி பார்த்துக்கணும்.

நிலாத்துண்டு:
இப்போதான் திருப்பிப் பார்த்தேன். தண்ணிக்கு அடுத்து சர்க்கரை. தேங்காய் மூணாவது 🙄

முற்றம்:
மேலை நாட்டு மருத்துவத்துக்குத் தேங்காய் மேல பழைய பகை. 2018-ல பிஎம்ஜே ஓப்பன்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வைப் பத்தி ஏன் மூச்சு விடல? தினம் 50 கிராம், 4 வாரம். தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், வெண்ணெய்னு மூணு பிரிவு. வெண்ணெய் சாப்பிட்டவங்களுக்குத்தான் எல்டிஎல் ஏறுச்சு. தேங்காய் எண்ணெய் ஆலிவ் மாதிரியே நடந்துக்கிட்டுது. எச்டிஎல் மூணுலயும் தேங்காய்க்குத்தான் அதிகம் ஏறுச்சு. 50 கிராம்னா இந்தப் பொண்ணு குடிக்கிறதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு!

சோதனைக்குழாய்:
நல்ல ஆய்வு, நல்ல கேள்வி. இந்தத் திரியில நீங்க சொன்னதுலயே இதுதான் கனமானது. ஆனா அது ஒரு ஆய்வு. 2020-ல சர்க்குலேஷன்ங்கிற இதய மருத்துவ இதழ்ல 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. வெப்பமண்டலம் சாராத தாவர எண்ணெய்களோட ஒப்பிட்டா தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை சராசரியா 10 மில்லிகிராம் ஏத்துது, எச்டிஎல்லை 4. ஒரு ஆய்வு ஒரு பக்கம் சாஞ்சிருந்தா மொத்தம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு பார்க்கணும்.

எச்டிஎல் ஏறினா எல்டிஎல்லை ஈடுகட்டிடும்ங்கிறது கேக்க நல்லாருக்கு. டார்செட்ராபிப்னு ஒரு மருந்து எச்டிஎல்லை ஏகத்துக்கு ஏத்துச்சு. சோதனையில இறப்பு கூடிப்போய் 2006-ல பாதியிலேயே நிறுத்தினாங்க. ரிப்போர்ட்ல அந்த எண் ஏறினதும் இதயம் பிழைச்சுதுன்னு அர்த்தம் இல்லை.

கீற்று விஷயத்துல எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. சராசரி ஏற்றம் 10. இவங்களுக்கு 33. ஆளுக்கு ஆள் மாறும்தான். இருந்தாலும் தோல் வறட்சி + எல்டிஎல் உயர்வு, இந்த ஜோடியைப் பார்த்தா முதல்ல நினைவுக்கு வர வேண்டியது தைராய்டு. தைராய்டு மந்தமானா ரெண்டும் வரும். டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தீங்களா கீற்று? சோர்வு, முடி கொட்டுறது, மலச்சிக்கல், குளிர் தாங்காம இருக்கிறது, ஏதாவது?

கீற்று:
டிஎஸ்எச் பார்க்கலை. முடி கொட்டுது, ஆனா அது யாருக்குத்தான் கொட்டல. குளிர் தாங்காதுதான்... வீட்டுல எல்லாரும் ஃபேன் போட்டா நான் மட்டும் போர்த்திக்குவேன். யாருமே இதைக் கேக்கல.

முற்றம்:
பாத்தீங்களா, தைராய்டா இருந்தா தேங்காய் மேல பழி போட்டது அநியாயம்!

கணக்குப்புலி:
தைராய்டா இருந்தாலும் 24 கிராம் 24 கிராம்தான் அண்ணே.

சோதனைக்குழாய்:
இன்னொண்ணு. தோலோட நீர்த்தடுப்புச் சுவருக்குக் கட்டாயம் தேவைப்படுற கொழுப்பு லினோலிக் அமிலம். உடம்பால அதைச் செய்ய முடியாது, சாப்பாட்டுல வந்தாகணும். 1929-ல பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டப்போ தோல் செதில் செதிலாச்சு. அந்தக் கண்டுபிடிப்பு அப்படித்தான் தொடங்குச்சு. தேங்காய் எண்ணெயில லினோலிக் அமிலம் 2 சதவீதம் கிட்ட. பின்னாடி ஆய்வாளர்கள் எலிக்கு அந்தக் குறைபாட்டை வேணும்னே உண்டாக்கத் தீனியில சேர்த்த கொழுப்பு எது தெரியுமா? ஹைட்ரஜன் ஏத்தின தேங்காய் எண்ணெய். உள்ளேயிருந்து தோலை ஈரமாக்கன்னு குடிக்க இதை விடப் பொருத்தமில்லாத எண்ணெயைத் தேடித்தான் பிடிக்கணும்.

முற்றம்:
ஹைட்ரஜன் ஏத்தினதும் வெர்ஜினும் ஒண்ணா? இது போங்கு.

சோதனைக்குழாய்:
ஒண்ணு இல்லை. வெர்ஜின்ல அந்த 2 சதவீதமாவது மிச்சம் இருக்கு. மத்த உணவும் சாப்பிடுற யாருக்கும் குறைபாடு வராது, கீற்றுக்கும் வராது. தோல் சுவருக்கு வேண்டிய சரக்கு அதுல இல்லைங்கிறதுக்காகச் சொன்னேன். வெர்ஜின்ல பாலிஃபீனால்ங்கிற தாவரப் பொருள் கொஞ்சம் அதிகம், வாசனை நல்லாருக்கும். கொழுப்பு அமில விகிதம் சுத்திகரிச்சதுல இருக்கிற அதேதான். எல்டிஎல் லேபிளைப் படிக்காது.

சாயங்காலம்:
திரி எண்ணெய்லயே வழுக்கிட்டு நிக்குது. இளநீரைப் பத்தி ஒரு வார்த்தை. அதுல கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. அதனால "எவ்வளவு வேணா குடிக்கலாம், தோலுக்குக் குளிர்ச்சி"ன்னு எங்க அப்பாவுக்கு ஒருத்தர் தினம் மூணு டம்ளர் சொல்லிட்டார். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது, ரத்த அழுத்தத்துக்கு ஏசிஇ தடுப்பி மாத்திரை (அது பொட்டாசியத்தை உடம்புல தங்க வைக்கும்). இளநீர்ல 100 மில்லிக்கு 250 மில்லிகிராம் பொட்டாசியம். ஒரு பெரிய டம்ளர்லயே 600 தாண்டும். மூணு டம்ளருக்குப் போட்டுப் பாருங்க. ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகி அவசர சிகிச்சையில சேர்த்தோம். நல்ல சிறுநீரகம் இருக்கிறவங்களுக்கு அது நல்ல பானம்தான். சிறுநீரகக் கோளாறு, இந்த வகை மாத்திரை, அதே மாதிரி பொட்டாசியத்தைத் தங்க வைக்கிற ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது.

முற்றம்:
அப்பா இப்போ எப்படி இருக்கார்?

சாயங்காலம்:
தேறிட்டார் அண்ணே. தேங்காய்ப் பத்தையை மட்டும் விட மாட்டேங்கிறார்.

கீற்று:
அப்போ எண்ணெய்க்குப் பதிலா பத்தையா சாப்பிடலாமா?

கணக்குப்புலி:
100 கிராம் பச்சைத் தேங்காய்: 354 கலோரி, கொழுப்பு 33 கிராம் (நிறைவுற்றது 30), நார் 9. ஒரு கையளவு, 30 கிராம்னு வச்சா நிறைவுற்ற கொழுப்பு 9 கிராம். நீங்க குடிச்சதுல பாதிக்கும் கீழ, கூட நார். மெல்லவும் வேணும், அதனால தானா ஒரு அளவுல நிக்கும். எண்ணெயை முழுங்க மூணு செகண்ட் போதும்.

முற்றம்:
பத்தை சாப்பிடச் சொல்றதுல எனக்கும் சம்மதம். எண்ணெய் விஷம்ங்கிற மாதிரி பேசறதுலதான் சம்மதமில்லை. சமையல்ல ஒரு ஸ்பூன் ஊத்தினா யாரும் சாகப் போறதில்லை.

சோதனைக்குழாய்:
விஷம்னு நான் எங்க சொன்னேன்? சமையலுக்கு ஒரு ஸ்பூன் வேற, மருந்துன்னு நம்பி வெறும் வயித்துல தினம் ரெண்டு வேற.

கீற்று:
நாளைக்கே டிஎஸ்எச் கொடுக்கப் போறேன். குடிக்கிறதை நிறுத்திட்டு அதே எண்ணெயைக் குளிச்ச ஈரத்தோட கால்ல தடவிப் பார்க்கலாம்னு இருக்கேன். எனக்குப் பரு கிடையாது. எல்டிஎல் மறுபடி எப்போ பார்க்கணும்? நடைப்பயிற்சி, ஓட்ஸ் எல்லாம் சேர்த்து ஆரம்பிச்சிடவா?

சோதனைக்குழாய்:
தடவுங்க, முதல்ல முழங்கைக்குள்ள கொஞ்சம் பூசி ஒரு நாள் பாருங்க. எல்டிஎல் ஆறு முதல் எட்டு வாரம் கழிச்சு. நடை எப்ப வேணா ஆரம்பிங்க, ஆனா ஓட்ஸ் மாதிரி புதுசா எதையும் அதுவரைக்கும் சேர்க்காதீங்க. எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது இறக்குச்சுன்னு தெரியாது, முற்றம் அண்ணன் ஓட்ஸுக்குப் பட்டம் கட்டிட்டு எண்ணெயைக் காப்பாத்திடுவார்.

முற்றம்:
ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடும்மா. இறங்கலைன்னா இந்தத் தம்பியை நான் பார்த்துக்கிறேன்.