குண்டு வெடிச்ச கொஞ்ச நாள்ல தேர்தல்: அப்போ அங்க இருந்தவங்க பார்த்ததை சொல்லுங்க

பழைய மாட்ரிட்வாசி:

ஸ்பெயின் ஜனங்க தீவிரவாதிக்கு பயந்து ஆட்சியை மாத்திட்டாங்கன்னு இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன். நேத்து ஒரு டிவி விவாதத்துல திரும்பவும் அதே பேச்சு. அப்போ நான் மாட்ரிட்ல படிச்சிட்டு இருந்தேன், ஓட்டு கிடையாது, ஆனா எல்லாத்தையும் பக்கத்துல இருந்து பார்த்தேன், அதனால எழுதுறேன்.

2004 மார்ச் 11, வியாழக்கிழமை காலை. ஆபீஸ், காலேஜ் போற கூட்டம் நிறைஞ்ச நாலு லோக்கல் ரயில்ல பத்து குண்டு. 190 பேருக்கு மேல செத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை பொதுத்தேர்தல், அதாவது நடுவுல ரெண்டே ரெண்டு நாள். அதுவரைக்கும் வந்த கருத்துக்கணிப்புல ஆளும் மக்கள் கட்சிதான் முன்னாடி இருந்துச்சு.

அன்னைக்கு மத்தியானமே அரசாங்கம் இது ஈடிஏ வேலைன்னு அடிச்சு சொல்லிருச்சு. முதல்ல எல்லாருமே நம்பினோம், ஏன்னா பாஸ்க் பிரிவினைக்காக பல வருஷமா அங்க குண்டு வெச்சிட்டு இருந்தது அவங்கதான். பிரதமர் அஸ்னார் பத்திரிகை ஆசிரியர்களுக்கு தானே போன் போட்டு சொல்றார், வெளியுறவுத்துறை எல்லா தூதரகத்துக்கும் அப்படியே சொல்லுங்கன்னு தகவல் அனுப்புது, ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அன்னைக்கே ஈடிஏ பேரை போட்டு கண்டன தீர்மானமே நிறைவேத்திருச்சு. ஆனா அதே நாள் மாட்ரிட் பக்கத்து ஊர் அல்கலா தே எனாரஸ்ல ஒரு வேன் கிடைக்குது, உள்ள டெட்டனேட்டர், கூடவே குர்ஆன் ஓதுற கேசட். சாயங்காலம் உள்துறை அமைச்சர் வேன் கிடைச்சதை சொல்றார், சொல்லிட்டு ஆனாலும் ஈடிஏ மேலதான் சந்தேகம்ங்கிறார். ஈராக்குக்கு படை அனுப்பினது இந்த அரசாங்கம்தான், இஸ்லாமிய தீவிரவாதிங்க வேலைன்னு தெரிஞ்சா பழி அவங்க மேல விழும்.

மறுநாள் மழையில நாடு முழுக்க ஊர்வலம், லட்சக்கணக்கான பேர், மாட்ரிட் தெருவுல நகரவே முடியல. அப்பவே கூட்டத்துக்குள்ள இருந்து "யார் பண்ணது"ன்னு கேட்டு கத்த ஆரம்பிச்சுட்டாங்க. சனிக்கிழமை பிரச்சாரம் பண்ணக்கூடாத அமைதி நாள். அன்னைக்கு போனுக்கு போன் எஸ்எம்எஸ் பறக்குது, கடைசில "அடுத்தவங்களுக்கு அனுப்பு"ன்னு இருக்கும், ஆளும் கட்சி ஆபீஸ் முன்னாடி கூடுங்கன்னு. ஆயிரக்கணக்குல போய் நின்னாங்க. ஓட்டு போடுறதுக்கு முன்னாடி எங்களுக்கு உண்மை தெரியணும், இதான் கோஷம். ராத்திரி பால்கனில நின்னு பாத்திரத்தை தட்டுறாங்க, நான் இருந்த தெரு முழுக்க அந்த சத்தம்.

அன்னைக்கு மூணு மொராக்கோகாரங்களையும் ரெண்டு இந்தியர்களையும் பிடிச்சாங்க, போன், சிம் கார்டு வித்த விஷயத்துல. இந்தியர்களை அப்புறம் விட்டுட்டாங்க. ஆனா நியூஸ்ல "இந்தியர்"னு வந்த அந்த நிமிஷம் எங்களுக்கெல்லாம் வயிறு கலங்கிருச்சு. கூட தங்கியிருந்த பையன் ரெண்டு நாள் வெளிய போகவே மாட்டேன்னுட்டான். கீழ் வீட்டு ஸ்பானிஷ் பாட்டி கதவை தட்டி ரொட்டி வேணுமா, நான் வாங்கிட்டு வரேன்னு கேட்டாங்க.

ரிசல்ட் எல்லாருக்கும் தெரியும். சோசலிஸ்ட் கட்சி ஜெயிச்சு சபதேரோ பிரதமர் ஆனார். 2000 தேர்தல்ல 69 சதவீதத்துக்கு கீழ இருந்த வாக்குப்பதிவு இந்த தடவை 75-ஐ தாண்டுச்சு. பயந்த ஜனம் வீட்டுக்குள்ள தானே இருக்கும்? இவங்க வரிசையில வந்து நின்னாங்க. ஈராக்ல இருந்து படையை திரும்ப கூப்பிடுவேன்னு சபதேரோ சொன்னதும் குண்டு வெடிக்கிறதுக்கு முன்னாடியே குடுத்த வாக்குறுதி, அந்த போரை ஆரம்பத்துல இருந்தே நாட்டுல பெரும்பாலானவங்க எதிர்த்தாங்க. சாவு நடந்த வீட்டுல பொய் சொன்னாங்கங்கிற கோபத்தைதான் நான் அங்க பார்த்தேன்.

நெல்லைச்சாமி:

அண்ணா மரியாதையோட ஒரு கேள்வி. ஜனங்க மனசுல என்ன இருந்தாலும் சரி, குண்டு வெச்சவன் பார்வையில இருந்து யோசிச்சா அவன் வெச்சான், மூணாம் நாள் ஆட்சி மாறுச்சு, அடுத்த மாசம் படை கிளம்புச்சு. இதைப் பார்த்து இன்னொருத்தன் அடுத்த நாட்டு தேர்தலுக்கு முன்னாடி வைக்கலாம்னு நினைக்க மாட்டானா? நீங்க சொல்ற கோபம் நியாயம்தான், ஆனா இந்த விஷயத்தை தாண்டி போக முடியல.

ஜெர்சி சிட்டி அப்பா:

நெல்லைச்சாமி சார் கேள்விக்கு நேர் பதில் எங்கிட்ட இல்ல, ஆனா தலைகீழா நடந்த அமெரிக்கால நான் இருந்தேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்னாடி பிரெசிடென்ட் புஷ்ஷுக்கு ஆதரவு 51 சதவீதம், ரெண்டு வாரத்துல 90. காலப் நிறுவனத்தோட கருத்துக்கணிப்பு இது. நான் பார்த்த வரைக்கும் ஆபீஸ்ல அவரை பிடிக்காதவங்க கூட நம்ம பிரெசிடென்ட்னு பேச ஆரம்பிச்சாங்க. எதிரி அடிச்சா ஜனம் தலைவர் பின்னாடி போய் நிக்கும்னு அரசியல் படிச்சவங்க ரொம்ப காலமா சொல்றதுதான், ஆனா நேர்ல பார்க்கறப்போ அது எவ்வளவு வேகம்னு புரியும்.

கேள்வி கேக்கவே ஆள் இல்லாம போறதுதான் அதுல ஆபத்து. தாக்குதல் நடந்து மூணாம் நாள் போருக்கு அதிகாரம் குடுக்கிற தீர்மானம், கீழ்சபையில 420 பேர் ஆதரவு, எதிர்த்தது ஒரே ஒருத்தர், கலிபோர்னியாவோட பார்பரா லீ. அவங்களுக்கு கொலை மிரட்டல் வந்துச்சு. ஜனங்களை கண்காணிக்க அரசாங்கத்துக்கு அதிக அதிகாரம் குடுத்த பேட்ரியாட் சட்டம் ஆறே வாரத்துல கையெழுத்து ஆகிருச்சு, செனட்ல அதை எதிர்த்ததும் ஒருத்தர்தான். அதுக்கப்புறம் 9/11-க்கு சம்பந்தமே இல்லாத ஈராக் வரைக்கும் அந்த ஆதரவு இழுத்துட்டு போச்சு. 2002 இடைக்கால தேர்தல்ல புஷ் கட்சி ரெண்டு சபையிலயும் ஜெயிச்சது, ஆளும் கட்சிக்கு அந்த மாதிரி நடக்கிறதே அபூர்வம்.

தாக்குதல் நடந்து நாலு நாளுக்குள்ள அரிசோனால ஒரு சீக்கியரை முஸ்லிம்னு நினைச்சு சுட்டு கொன்னாங்க. அதுக்கப்புறம் எங்க அபார்ட்மெண்ட்ல பாதி இந்திய வீட்டு ஜன்னல்ல அமெரிக்க கொடி. தேசப்பற்றும் உண்டு, ஆனா பயம்தான் அதிகம், என் மனைவி அதை ஒட்டுறப்போ கை நடுங்குச்சு. 2002-ல இருந்து 25 நாட்டு ஆம்பளைங்க நேர்ல போய் கைரேகை வெச்சு பதிவு பண்ணணும்னு விதி வந்துச்சு, வட கொரியாவை தவிர அத்தனையும் முஸ்லிம்கள் அதிகமா இருக்கிற நாடுங்க. கூட வேலை பார்த்த பங்களாதேஷ்காரர் ஒருத்தர் போறதுக்கு முந்தின நாள் வீட்டு சாவி, பேங்க் பேப்பர் எல்லாத்தையும் எங்கிட்ட குடுத்துட்டு போனார். திரும்பி வந்தார், ஆனா ஆயிரக்கணக்கான பேரை நாடு கடத்த கேஸ் போட்டாங்க. 80,000 பேருக்கு மேல பதிவு பண்ணியும் அதுல ஒரு தீவிரவாத தண்டனை கூட வரல. 2011-ல நிறுத்திட்டாங்க.

மாட்டுங்கா மாமி:

2008 மும்பை 26/11 தாக்குதல் பத்தி நான் சொல்றேன். 166 உயிர். தாஜ்ல சண்டை முடிஞ்சது 29-ஆம் தேதி காலைல, அதே நாள் டெல்லியில சட்டசபை தேர்தல் ஓட்டுப்பதிவு நடக்குது. காங்கிரஸ் தீவிரவாதத்துல மென்மையா இருக்குன்னு பேப்பர்ல பக்கம் பக்கமா பிஜேபி விளம்பரம் வந்திருந்தது. எல்லாரும் காங்கிரஸ் காலின்னு நினைச்சோம். ஷீலா தீட்சித் மூணாவது தடவையா ஜெயிச்சாங்க. ராஜஸ்தானும் காங்கிரஸ்க்கு போச்சு. அடுத்த வருஷம் மத்தியிலயும் மன்மோகன் சிங்கே திரும்ப வந்தார். குண்டு வெடிச்சா இந்த கட்சிக்கு லாபம்னு கணக்கு போடறவா இதை எப்படி விளக்குவான்னு எனக்கு தெரியல.

டிசம்பர் 3 ராத்திரி கேட்வே ஆஃப் இந்தியால கூட்டம், நானும் என் பொண்ணும் போனோம். அரசியல்வாதி யாரும் வேண்டாம், வரி கட்ட மாட்டோம்னு எல்லாம் போர்டு. அவ்வளவு கோபம். நாலஞ்சு மாசம் கழிச்சு அதே தெற்கு மும்பைல ஓட்டு போட வந்தவா பாதி கூட இல்ல. மெழுகுவத்தி ஏத்த வந்தவா பூத்துக்கு வரல, இன்னிக்கும் எனக்கு ஆறல. அப்போ மத்திய உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல், முதலமைச்சர் விலாஸ்ராவ் தேஷ்முக், மாநில உள்துறை ஆர்.ஆர். பாட்டீல் மூணு பேரும் ராஜினாமா பண்ணினா. மக்கள் கோபத்துக்கு பதில் கிடைச்சுதுன்னு நினைச்சோம். அப்புறம் ஒருத்தர் கவர்னர், ஒருத்தர் மத்திய அமைச்சர், ஆர்.ஆர். பாட்டீல் ஒரு வருஷத்துக்குள்ள அதே உள்துறைக்கே வந்துட்டார். தீவிரவாத வழக்கை விசாரிக்க என்ஐஏன்னு தேசிய அமைப்பு வந்தது, யுஏபிஏங்கற தீவிரவாத தடுப்பு சட்டத்தை கடுமையாக்கினா, ஜாமீன் கிடைக்கிறதே கஷ்டம்ங்கிற அளவுக்கு. சட்டம் மட்டும் அப்படியே நிலைச்சு நிக்கறது, பொறுப்பு ஏத்துக்கறது ஒரு சீசனோட போயிடறது.

லா ஷப்பல் தம்பி:

மாமி சொன்னது பாரிஸ்லயும் அப்படியே. 2015 நவம்பர் 13 தாக்குதல், 130 பேர். அவசரநிலை போட்டாங்க, கொஞ்ச நாளைக்குன்னு சொன்னது நீட்டி நீட்டி 2017 நவம்பர் 1 வரைக்கும் போச்சு. போட்ட மாசமே பருவநிலை மாநாட்டுக்கு எதிரா போராட இருந்த சூழல் ஆர்வலர்கள் சிலரை அதே அதிகாரத்துல வீட்டுக்காவல்ல வெச்சாங்க. டிசம்பர்ல பிராந்திய தேர்தல், முதல் சுற்றுல தீவிர வலதுசாரி லெ பென் கட்சி ஆறு பிராந்தியத்துல முதல், ரெண்டாவது சுற்றுல ஒண்ணு கூட கிடைக்கல, ஏன்னா சோசலிஸ்ட் கட்சி சில இடத்துல தன் வேட்பாளர்களையே வாபஸ் வாங்குச்சு, இடதுசாரி ஜனம் மூக்கை பிடிச்சுக்கிட்டு வலதுசாரிக்கு போட்டாங்க.

ஒஸ்லோ அக்கா:

2011 ஜூலை 22. ஒஸ்லோ அரசு கட்டிடத்துல குண்டு வெடிச்ச முதல் சில மணி நேரம் எல்லாரும் முஸ்லிம் தீவிரவாதம்னே பேசினாங்க, டிராம்ல என்னையே ஒரு மாதிரி பார்த்தாங்க, ஒருத்தர் எழுந்து வேற சீட்டுக்கு போனார். சாயங்காலம்தான் தெரிஞ்சுது கொலைகாரன் நோர்வேக்காரன், குடியேறினவங்களை வெறுக்கிறவன்னு. 77 பேர், அதுல 69 பேர் அவன் அடுத்து போன உதோயா தீவு துப்பாக்கிச்சூட்டுல, பெரும்பாலும் தொழிலாளர் கட்சியோட இளைஞர் முகாமுக்கு போன பிள்ளைங்க. எங்க தமிழ் சமூகத்துல இருந்து போன கம்ஷாஜினி குணரத்னம் தண்ணில நீந்தி தப்பிச்சாங்க, பின்னாடி ஒஸ்லோ துணை மேயர், 2021-ல எம்.பி.

பிரதமர் ஸ்டோல்டன்பெர்க் பழிவாங்குவோம்னு பேசல. இன்னும் அதிக ஜனநாயகம், இன்னும் அதிக திறந்த மனசு, ஆனா ஏமாளித்தனம் இல்லன்னார். ரோஜா பூவோட ஒரு லட்சத்துக்கு மேல தெருவுல நின்னோம், டிராம்ல எழுந்து போனவரும் அங்க எங்கேயாவது நின்னிருப்பாருன்னு நினைச்சுக்கிட்டேன். செப்டம்பர் உள்ளாட்சி தேர்தல்ல குடியேற்றத்தை எதிர்த்து பேசுற முன்னேற்றக் கட்சி 17 சதவீதத்துல இருந்து 11-க்கு இறங்குச்சு. நாடே மாறிருச்சுன்னு நம்பினேன். 2013-ல தொழிலாளர் கட்சி தோத்துச்சு, அதே முன்னேற்றக் கட்சி முதல் தடவையா அமைச்சரவைக்குள்ள போச்சு. அதுக்காக ரோஜா ஊர்வலத்தை பொய்னு சொல்ல மாட்டேன். 2012-ல விசாரணைக்குழு எங்க அரசாங்கத்தையும் போலீஸையும் விடவே இல்ல, அரசு கட்டிடத்து குண்டை தடுத்திருக்கலாம், தீவுக்கு இன்னும் சீக்கிரம் போயிருக்கலாம்னு எழுதிட்டாங்க. அந்த அறிக்கையை ஜனங்க படிச்சாங்க. எனக்கு பெரிசா படுறது அதுதான்.

மட்டுநகரான்:

நான் மட்டக்களப்பு. 2019 ஈஸ்டர் ஞாயிறு சீயோன் தேவாலயத்துல வெடிச்சதுல எங்கட ஊர்ல நிறைய சின்னப் பிள்ளைகள் போயிட்டினம், ஞாயிறு வகுப்பு முடிஞ்சு வெளியில நிண்ட பிள்ளைகள். அந்த சத்தம் பற்றி நான் எழுதேல்ல. நாடு முழுக்க 260 பேருக்கு மேல.

இந்தியாவில இருந்து முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது, ஏப்ரல் 4 ஆம் திகதியே. ஜனாதிபதி சிறிசேனவும் பிரதமர் ரணிலும் முகம் பார்க்காத சண்டையில இருந்தவை, பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்கே தன்னைக் கூப்பிடேல்ல எண்டு ரணில் சொன்னார். ஒரு கிழமைக்குள்ள கோட்டாபய ராஜபக்ச, தான் ஜனாதிபதித் தேர்தல்ல நிக்கப் போறன் எண்டு அறிவிச்சார், பாதுகாப்பு எண்ட ஒரு சொல்லை வச்சே நவம்பர்ல 52.25 வீதத்தோட வெண்டார். குண்டு வச்சது இஸ்லாமிய தீவிரவாதக் குழு எண்டதால இடையில மே மாசம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை பக்கம் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடிச்சு நொறுக்கினவை. ஜூன் மாசம் முஸ்லிம் அமைச்சர்மார் எல்லாரும் ஒரே நாள்ல பதவி விலகினவை. எங்கட சனமும் முஸ்லிம் கடையில சாமான் வாங்காதீங்கோ எண்டு கதைச்சதை நான் மறைக்க மாட்டன், என்ர சொந்தக்காரரே கதைச்சவை, நான் சண்டை பிடிச்சிருக்கிறன்.

ஆனா ஒண்டு. அத்தனை பிள்ளைகளைப் புதைச்ச இந்த மாவட்டம் "பாதுகாப்பு" எண்டு கேட்டவருக்கு வாக்குப் போடேல்ல. வடக்கும் கிழக்கும் கோட்டாபயவை எதிர்த்து நிண்ட சஜித் பிரேமதாசவுக்கு அள்ளிப் போட்டது. 2009 இல போர் முடியேக்க பாதுகாப்புச் செயலாளரா இருந்தவர் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும். ஒரே குண்டுதான், தெற்கில ஒரு பயத்தை எழுப்பினது, எங்களுக்கு வேற பயத்தை எழுப்பினது. வாக்காளர் எண்டு ஒரே ஆள் மாதிரி எல்லாரும் கதைக்கினம், அப்பிடி ஒரு ஆள் இல்லை.

2023 சனவரியில உயர் நீதிமன்றம் சிறிசேன பத்துக்கோடி ரூபா நட்டஈடு கட்ட வேணும் எண்டு தீர்ப்புச் சொன்னது. மாட்ரிட் அண்ணை, உங்கட பக்கம் குடும்பங்களுக்குப் பதில் கிடைச்சதோ?

பழைய மாட்ரிட்வாசி:

தம்பி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் எழுத முடியல. அங்க வழக்கு ஓரளவு ஒழுங்கா நடந்துச்சு, 2007 அக்டோபர்ல 28 பேர்ல 21 பேருக்கு தண்டனை, ஈடிஏவுக்கு சம்பந்தம்னு எந்த ஆதாரமும் இல்லன்னு கோர்ட் தெளிவா சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் ஈடிஏ தான்னு பேசுற பத்திரிகைகள் வருஷக்கணக்கா ஓட்டிட்டு இருந்தாங்க.

நெல்லைச்சாமி, உங்க கேள்விக்கும் சேர்த்து சொல்றேன். தேர்தல் முடிஞ்சு மூணு வாரத்துக்குள்ள மாட்ரிட் ரயில்ல குண்டு வெச்ச அதே கும்பல் டோலிடோ பக்கம் அதிவேக ரயில் பாதையில குண்டு வெச்சாங்க, கண்டுபிடிச்சிட்டாங்க, மறுநாள் மாட்ரிட் புறநகர் லெகனேஸ்ல போலீஸ் சுத்தி வளைச்சப்போ வெடிச்சு செத்தாங்க, ஒரு போலீஸ்காரரும் செத்தார். ஆட்சி மாறினதுல திருப்தி ஆகி அவங்க நிறுத்தல. அடுத்த நாட்டுல எவனாவது இதைப் பார்த்து கணக்கு போட்டிருப்பானாங்கிறது நியாயமான பயம்தான், ஆனா அந்த பயத்துக்காக பொய் சொன்ன அரசாங்கத்துக்கே ஓட்டு போட்டிருக்கணும்னு என்னால சொல்ல முடியாது.

குடும்பங்களைப் பத்தி கேட்டீங்க. 2004 டிசம்பர்ல நாடாளுமன்ற விசாரணைக்குழு முன்னாடி பிலார் மன்ஹோன் பேசினாங்க, மகனை அந்த ரயில்ல பறிகொடுத்தவங்க, பாதிக்கப்பட்டவங்க சங்கத்தோட தலைவி. ரெண்டு கட்சியையும் சேர்த்தே கேட்டாங்க, எங்க பிள்ளைங்க சாவை பத்தி விசாரிக்கிற இடத்துல எதுக்கு சிரிச்சீங்க, எதுக்கு ஆரவாரம் பண்ணீங்கன்னு. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும் தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்ததை லைவ்ல பார்த்தேன். அந்த மாசமே பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு தனி ஆணையரை அரசாங்கம் நியமிச்சுச்சு. உங்க ஊர்ல அப்படி தனியா ஒருத்தர் இருக்காங்களா? இருந்தா என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க.